ஆறாவது தூண் யாருடைய பொறுப்பு

பாலப் பொறியாளர் உளவுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு தவறால்தான். ஆனால் அரசாங்கத்தில் ஒரு தவறுக்குக் கோப்பு எண் கிடைத்துவிட்டால் அதன் பெயர் உத்தரவு.

நாட்டில் அப்போது மூன்று உளவுத்துறைகள் இருந்தன. தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று, வெளிநாட்டு விவகாரங்களுக்கு ஒன்று. மூன்றும் ஒரே விஷயத்தை ஆராய்ந்து மூன்று விதமாக எழுதிக்கொண்டிருந்தன. அண்டை நாட்டில் ஒரு மலையாற்றின் மேல் இருந்த பாலத்தைப் பற்றி அமைச்சர் ஒருமுறை கேட்டபோது, பத்து டன் தாங்கும் என்றது ஒரு துறை. முப்பது டன் என்றது இன்னொன்று. அப்படி ஒரு பாலமே இல்லை என்றது மூன்றாவது. அமைச்சருக்குக் கோபம் வந்தது. கோபத்தின் விளைவாக ஒரு குழு பிறந்தது. 'உளவுத்துறைகளுக்கிடையே ஆராய்ச்சிப் பொறுப்புகளைப் பங்கிடுதல் மற்றும் இரட்டிப்பு வேலையைத் தவிர்த்தல் குறித்த நிரந்தர ஒருங்கிணைப்புக் குழு' என்பது அதன் முழுப்பெயர். பெயர்ப்பலகை வாசலில் கொள்ளாமல் மூலையில் மடங்கிப் பக்கத்துச் சுவரில் போய் முடிந்தது. எல்லோரும் பங்கீட்டுக் குழு என்றே சொன்னார்கள்.

குழுவின் தலைவர், 'துறைகளுக்கு நடுவே பாலமாக இருக்கக்கூடிய அனுபவசாலி ஒருவர் உடனே தேவை' என்று குறிப்பெழுதினார். கீழே இருந்த எழுத்தர் அதில் 'பாலம்' என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பிவிட்டார். நெடுஞ்சாலைத் துறை, இருபத்தாறு வருஷமாகப் பாலம் பாலமாக ஏறி இறங்கி, சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரை அனுப்பிவைத்தது. ஓய்வுபெற நான்கு வருஷம் இருந்தது அவருக்கு.

"உளவா?" என்றாள் அவர் மனைவி. "வீட்டுச் சாவி எங்க இருக்குன்னே உங்களுக்குத் தெரியாது. நீங்க யாரப் போய் உளவு பாக்கப்போறீங்க?"

அவருக்கும் அதே சந்தேகம் இருந்தது. முதல் நாளே தலைவரிடம் போய், ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று சொன்னார். தலைவர் உயரமானவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். போட்டுக்கொண்டால் தாளை மட்டும் பார்ப்பார்.

"தப்பா இருந்தாலும் பரவால்ல, உக்காருங்க" என்றார். "உங்கள மாத்தணும்னா காரணம் எழுதணும். காரணம் எழுதினா யாரோ தப்பு பண்ணாங்கன்னு ஆயிடும். இந்தக் குழுவுக்கு வயசு மூணு மாசம். அதுக்குள்ள ஒரு தப்பு வேணுமா? சொல்லுங்க."

பொறியாளர் உட்கார்ந்தார்.

செயலாளர் அம்மா அவருக்கு ரகசியக் காப்பு உறுதிமொழியை வாசிக்கக் கொடுத்தாள். நான்கு பக்கம். இங்கே அறிந்ததை வெளியே யாரிடமும் சொல்லமாட்டேன் என்பது முதல் பக்கம். ஒரு துறையிடம் அறிந்ததை இன்னொரு துறையிடம் சொல்லமாட்டேன் என்பது இரண்டாவது. மூன்றாம் பக்கத்தில், ஓர் அறையில் படித்ததை அடுத்த அறையில் நினைவில் வைத்திருக்கமாட்டேன் என்று ஒரு வரி இருந்தது. அவர் அங்கே நிறுத்தினார்.

"இது எப்படிம்மா முடியும்?"

"எல்லாரும் கேப்பாங்க சார். அப்புறம் பழகிடும்."

அலுவலகத்தில் மூன்று அறைகள், மூன்று இரும்பு அலமாரிகள், மூன்று சாவிகள். ஒரு துறையின் அலமாரி திறந்திருக்கும்போது மற்ற இரண்டும் பூட்டியிருக்க வேண்டும். ஒருவரே இரண்டைத் திறந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார். ஒப்பிடுவது என்பது ஆராய்ச்சி. ஆராய்ச்சி செய்யத்தான் மூன்று துறைகள் இருக்கின்றனவே, குழு வேறு செய்தால் நான்காகிவிடும்.

பொறியாளர் சேர்ந்த மாதத்தில் அண்டை நாட்டின் மலை மாவட்டத்தில் பெரிய நிலச்சரிவு. அரசாங்கம் பதினோரு லாரிகளில் மாவும் போர்வையும் கூடாரத் துணியும் அனுப்ப முடிவெடுத்தது. அங்கே போக இருந்த ஒரே வழி அந்தப் பழைய பாலம். தாங்குமா என்று அந்த நாட்டையே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது உளவில் சேராது. எனவே கேள்வி பங்கீட்டுக் குழுவுக்கு வந்தது.

கூட்டம் நீள மேசையில் நடந்தது. மூன்று துறைகளின் தலைவர்களும் ஒருவர் தாள் ஒருவர் கண்ணில் படாதபடி கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் போல.

குழுவின் தலைவர் எழுந்தார். "நண்பர்களே, மூணு துறையும் ஒரே பதில் சொன்னா ரெண்டு துறை தண்டம்னு அமைச்சர் கேப்பார். மூணும் வேற வேற பதில் சொன்னா ஒருங்கிணைப்பு இல்லன்னு கேப்பார். பாலத்தையே பிரிச்சுக் கொடுத்துட்டா ரெண்டு கேள்வியும் வராது. யாரும் யாரோடயும் ஒத்துப்போக முடியாது, முரண்படவும் முடியாது. இதத்தான் நான் சீர்திருத்தம்னு சொல்றேன்."

அன்று பாலம் பங்கிடப்பட்டது. தார் போட்ட மேல்தளமும் அதற்கு மேலுள்ளதும் தரைப்படை உளவுக்கு. தளத்தின் அடிப்பாகத்திலிருந்து தண்ணீர் மட்டம் வரை வெளிநாட்டு உளவுக்கு. தண்ணீருக்குக் கீழே இருப்பதெல்லாம் கடற்படை உளவுக்கு. கடல் அங்கிருந்து அறுநூறு மைல் என்று கடற்படைக்காரர் மெல்லச் சொன்னார். தண்ணீர் தண்ணீர்தான் என்று தலைவர் முடித்துவிட்டார்.

"ஒரு சந்தேகம்" என்றார் பொறியாளர். கூட்டத்தில் அவர் வாய் திறந்தது அப்போதுதான். "எவ்வளவு பாரம் தாங்கும்னு யார் பாக்குறது?"

எல்லோரும் யோசித்தார்கள். பாரம் லாரியில் இருக்கிறது, லாரி மேல்தளத்தில் ஓடுகிறது, ஆகவே பாரம் தரைப்படை உளவைச் சேர்ந்தது என்று முடிவாயிற்று. தரைப்படை உளவு அடுத்த வாரமே பதினோரு லாரிகளையும் வரிசையாக நிறுத்தி மிகத் துல்லியமாக எடை போட்டுக் கொடுத்தது. பாலத்தை எடைபோட யாரையும் யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் மூன்று அறிக்கைகள் வந்தன. அவற்றைப் பெற்று, உரிய அலமாரியில் வைத்து, ஒன்றில் சொன்னது இன்னொன்றில் இல்லை என்று சான்று தருவது பொறியாளரின் வேலை.

முதல் அறையில் மேல்தளத்தின் படங்கள் இருந்தன. பழக்க தோஷத்தால் அவர் கைப்பிடிச் சுவரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பதினைந்து தூண்களுக்கு மேலே நேர்கோடாக ஓடிய சுவர், ஆறாவது தூணுக்கு மேலே மட்டும் இரண்டு விரற்கடை தணிந்திருந்தது. அலமாரியைப் பூட்டினார்.

இரண்டாவது அறையில் தூண்களின் படங்கள். ஆறாவது தூணின் கல்வரிசையில் படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் கீழிருந்து மேலே ஏறியிருந்தது. அப்படி ஏறும் விரிசல் எதனால் வரும் என்று அவருக்குத் தெரியும். வெளிநாட்டு உளவு அதற்குக் கீழே, 'தூண்களில் விரோத வாசகங்கள் ஏதும் எழுதப்படவில்லை' என்று குறித்திருந்தது.

மூன்றாவது அறையில் கடற்படையின் அறிக்கை. நாற்பது பக்கம். போர்க்கப்பல் நடமாட்டம் இல்லை, நீர்மூழ்கிகள் இல்லை, உப்பு இல்லை. பின்னிணைப்பில் ஆற்றில் மீன் பிடிக்கும் ஒருவரின் வாக்குமூலம். 'ஆறாவது தூணின் அடியில் ஆள் மூழ்கும் பள்ளம் விழுந்திருக்கிறது. மூன்று வருஷமாக அங்கேதான் மீன் நன்றாகக் கிடைக்கிறது.'

பொறியாளர் அந்த வரியைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். தண்ணீர் தூணின் காலடி மண்ணை அரித்துவிட்டது. தூண் இறங்குகிறது. இறங்கும் தூணோடு தளமும் இறங்குகிறது. மூன்று அறைகளில் மூன்று துண்டாகக் கிடந்த ஒரே செய்தி, உறுதிமொழியின் மூன்றாம் பக்கத்தை மீறி அவர் தலைக்குள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது.

ஒரே பக்கத்தில் எழுதினார். ஏற்றிய லாரி ஒன்றுகூட அந்தப் பாலத்தில் போகக் கூடாது என்று கடைசி வரியில் கோடிட்டார். செயலாளர் அம்மா அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள்.

"என்ன சார் இது?"

"குறிப்பு."

"குறிப்பா, ஆராய்ச்சியா?"

அவர் பதில் சொல்வதற்குள் தலைவரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. தலைவர் குறிப்பை முழுதாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறியாளரைப் பார்த்தார். கோபமே இல்லை.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கே புரிஞ்சிடுச்சு. அதுதான் பிரச்சனை. மூணு துறையோட வரம்பும் இதுல இருக்கு. இந்தத் தாள நான் வாங்கிக்கிட்டா, நாலாவதா ஒரு துறை ஆராய்ச்சி பண்ணிச்சுன்னு அர்த்தம். நம்மள உருவாக்கினதே அதத் தடுக்கத்தான். போலீஸ்காரனே திருடின மாதிரி ஆயிடாது?"

"சார், ஆளுங்க போகப்போறாங்க."

"அதனாலதான் சொல்றேன், முறைப்படி பண்ணுங்க. யார் யார் சம்பந்தப்பட்டதோ அவங்கவங்களுக்கு அவங்கவங்க பகுதிய அனுப்புங்க."

செயலாளர் அம்மா கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். கைப்பிடிச் சுவர் பற்றிய பத்தி தரைப்படைக்கு, விரிசல் வெளிநாட்டு உளவுக்கு, பள்ளம் கடற்படைக்கு. கடைசி வரி யாருடைய வரம்பிலும் வரவில்லை. அந்தத் துண்டு மேசையில் மிஞ்சியது. அவள் அதைக் குப்பைக்கூடையில் போட்டாள். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. மேசை துடைக்கும் பழக்கம்.

நான்கு நாளில் பதில்கள் வந்தன. கைப்பிடிச் சுவர் தணிந்திருப்பது தோற்றக் குறை, வாகனப் போக்குவரத்துக்கு ஆட்சேபணை இல்லை என்றது தரைப்படை. விரிசல் தங்கள் பார்வையில் ஏற்கனவே இருக்கிறது, அது அண்டை நாட்டின் உள்விவகாரம், ஆட்சேபணை இல்லை என்றது வெளிநாட்டு உளவு. மீன்வளம் தங்கள் வரம்பில் வராது, ஆட்சேபணை இல்லை என்றது கடற்படை. மூன்று ஆட்சேபணை இன்மைகளையும் சேர்த்துக் கட்டி, பொறியாளர் முன்னால் சான்றிதழை வைத்தார்கள். 'மேற்கண்ட அறிக்கைகளில் எதுவும் மற்றொன்றில் சொல்லப்பட்டதைத் திரும்பச் சொல்லவில்லை என உறுதியளிக்கிறேன்.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார். அதில் பொய் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பாலங்களுக்குக் கையெழுத்துப் போட்ட விரல்கள்தான். அன்று பேனா மூடி சரியாகப் பொருந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவியின் தம்பி சாப்பிட வந்தான். லாரி ஓட்டுநர். அப்பா அம்மா இல்லாத பிள்ளை, கல்யாணமும் ஆகவில்லை. அக்கா வீடுதான் அவனுக்கு எல்லாம். சாப்பிட்டுக்கொண்டே, "அடுத்த புதன்கிழமை எல்லை தாண்டிப் போறேன் மாமா. எங்க முதலாளி லாரியக் கேட்டிருக்காங்க. ஏழாவது வண்டி என்னுது" என்றான்.

பொறியாளர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார். மனைவி உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"மாப்ள, நீ போகாத."

"ஏன் மாமா?"

"இடுப்பு வலின்னு சொல்லிடு."

"எனக்கு இடுப்பு நல்லாத்தான இருக்கு."

"இப்ப இருந்து வலிக்குது. வேற எதுவும் கேக்காத. யார்கிட்டயும் சொல்லவும் கூடாது. சொன்னா எனக்கு வேலையும் போயிடும், ஜெயிலும் கிடைக்கும்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். முட்டாள் இல்லை. "மத்த பத்துப் பேரும் போகலாமா மாமா?" என்று கேட்டான்.

பொறியாளர் தண்ணீர் குடித்தார். குடித்து முடித்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. மைத்துனன் அதற்குமேல் கேட்கவில்லை.

அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய் முதலாளி முன்னால் நின்றான். முதலாளி இன்னொருவரை அனுப்பினார். வண்டி ஓட்டும்போது ஓயாமல் பாடுவதால் பாட்டுக்காரர் என்று பெயர் எடுத்தவர். அரசாங்கத்தின் பட்டியலில் பெயர் மாற்றப்படவில்லை. மாற்றினால் மறுபடி மூன்று துறையிடமும் அனுமதி வாங்க வேண்டும் என்று முதலாளி விட்டுவிட்டார். மைத்துனன் சாவியைக் கொடுக்கும்போது, "ரெண்டாவது கியர் கொஞ்சம் மக்கர் பண்ணும்ண்ணே" என்று மட்டும் சொன்னானாம். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டதாக அவனே பின்னால் சொன்னான்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஏழாவது லாரி ஆறாவது தூணுக்கு மேல் போனபோது தூண் உட்கார்ந்தது. ஏழாவதும் எட்டாவதும் ஆற்றில் விழுந்தன. ஓட்டுநர்கள் இரண்டு பேரும் இறந்தார்கள். முதல் ஆறு லாரிகள் அந்தக் கரையில், கடைசி மூன்று இந்தக் கரையில் நின்றன.

மறுநாள் குழு கூடியது. இரண்டு நிமிஷம் எழுந்து நின்றார்கள். பிறகு தலைவர் பேசினார்.

"துயரமான நிகழ்ச்சிதான். ஆனா நாம கலங்கக் கூடாது. கோப்புகள ராத்திரியெல்லாம் நான் பாத்தேன். ஒரு துறைகூடத் தன்னோட வரம்ப மீறல. ஒரு தகவல்கூட ரெண்டு தடவ பதிவாகல. முன்னால இருந்த முறையில இதே விபத்துக்கு மூணு துறையும் பொறுப்பாயிருக்கும். இப்ப யாருமே பொறுப்பில்ல. பங்கீட்டோட முதல் பெரிய சோதனை இது. நாம தேறிட்டோம்."

தூண் இறங்கியதற்கு மூன்று விசாரணைகள் அங்கேயே பங்கிடப்பட்டன. விழுந்ததை ஒரு துறை விசாரிக்கும், விழுவதற்கு முன்னால் நடந்ததை ஒரு துறை, விழுந்தபின் நடந்ததை ஒரு துறை.

வெள்ளிக்கிழமை காலை பொறியாளரின் மனைவிக்கு ஒரு கடிதம் வந்தது. அவளுடைய தம்பி நாட்டுக்காக உயிர்நீத்தார் என்றும், அரசு அவளது துயரத்தில் பங்குகொள்கிறது என்றும், உடலைப் பொது மருத்துவமனைப் பிணவறையில் வந்து பெற்றுக்கொள்ளும்படியும் எழுதியிருந்தது. கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டியது அந்தத் தம்பிதான். 'உயிர்நீத்தார்' என்ற இடத்தில் அவன் குரல் கொஞ்சம் தடுக்கிற்று. அவள் தம்பியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். இடுப்பு வலியின் காரணம் அந்த நிமிஷத்தில் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். கடிதத்தை வாங்கி மடித்தாள்.

அதே நாள் மாலை பங்கீட்டுக் குழு அலுவலகத்தின் வரவேற்பு மேசைக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பாட்டுக்காரரின் மனைவி. பள்ளிச் சீருடை தைப்பவள். கழுத்தில் மாட்டிய அளவு நாடாவை எடுக்கவும் மறந்து வந்திருந்தாள். கையில் புருஷனின் ஓட்டுநர் உரிமத்தின் நகல். பொறியாளர் வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் குரல் கேட்டு நின்றார்.

"ஏழாவது லாரி ஓட்டினது என் வீட்டுக்காரர்தான் சார். அவர் உடம்பக் குடுங்க, வேற எதுவும் கேக்கல."

"ஏழாவது லாரிக்கு ஏற்கனவே ஒருத்தர் இறந்துட்டார்மா" என்றார் எழுத்தர், பட்டியலில் விரல் வைத்து. "இது இரட்டிப்பு நீக்கின பட்டியல். ஒரு வண்டிக்கு ஒருத்தர்தான்."

"அப்ப என் வீட்டுக்காரர் எங்க?"

"அது காணாமப்போனவங்க பிரிவு. எதிர் வரிசை. ஆனா அவர் பட்டியல்லயே இல்ல. இல்லாதவர் எப்படிக் காணாமப்போவார்?"

அவள் திட்டவில்லை, அழவில்லை. உரிமத்தின் நகலை மேசையில் வைத்து, அதிலிருந்த படத்தை அவர் பக்கமாகத் திருப்பினாள். அவர் அதைக் கனிவோடு அவள் பக்கமே திருப்பி வைத்தார்.

பொறியாளரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மாடிக்குத் திரும்பிப் போய் நின்றபடியே எழுதினார். பாலம் தாங்காது என்று தனக்குத் தெரியும், அதைத் தன் மைத்துனனிடம் மறைமுகமாகச் சொல்லித் தடுத்தது தான்தான், ஏழாவது லாரியில் இறந்தவர் வேறொருவர், உறுதிமொழியை மீறியதற்கு எந்தத் தண்டனைக்கும் தயார். கையெழுத்து, தேதி. தலைவரின் மேசையில் வைத்துவிட்டு, கைது செய்ய ஆள் வருவார்கள் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

தலைவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றவேயில்லை.

"இதுல மூணு விஷயம் இருக்கு" என்றார். "விழறதுக்கு முன்னால நடந்தது, விழுந்தது, அப்புறம் நடந்தது. மூணையும் மூணு துறை விசாரிச்சிட்டு இருக்கு. நீங்க நாலாவதா உண்மையச் சொன்னா அது என்ன?"

பொறியாளர் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"சொல்லுங்க. இத்தன மாசம் வேல பாத்திருக்கீங்க."

"இரட்டிப்பு."

"அவ்வளவுதான்." தலைவர் தாளின் தலையில் 'மீள்பதிவு, திருப்பி அனுப்பப்படுகிறது' என்று எழுதி நீட்டினார். "மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க. மச்சான் உயிரோட இருக்கார்ல? வீட்டுக்குப் போங்க."

தண்டனைகூடக் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை பொறியாளரும் மைத்துனனும் தையல்காரியும் பிணவறைக்குப் போனார்கள். அங்கிருந்த அலுவலர் பட்டியலைப் பார்த்தார். தையல்காரியின் பெயர் எங்கும் இல்லை, அவளிடம் உடலைத் தர முடியாது. பெறவேண்டியவர் இறந்தவரின் அக்கா, அல்லது நெருங்கிய உறவு.

"இறந்தவர்னு நீங்க எழுதியிருக்கிறது என் பேருதான் சார்" என்றான் மைத்துனன். "நான் சாகல. உள்ள இருக்கிறது இந்தம்மா வீட்டுக்காரர்."

அலுவலர் அவனுடைய அடையாள அட்டையை வாங்கிப் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பட்டியலோடு எண்ணை ஒத்துப்பார்த்தார். நேர்மையான மனிதர், ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார் நிம்மதியாக. "நீங்களே வந்துட்டதால வேற உறவு வர வேண்டியதில்ல. இங்க கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்."

மைத்துனன் மாமாவைப் பார்த்தான். பொறியாளர் தலையசைத்தார். தன் சொந்த உடலைக் குறையின்றிப் பெற்றுக்கொண்டதாக அவன் கையெழுத்துப் போட்டான். உள்ளே போய்ப் பார்த்தபோது பாட்டுக்காரரின் வலது கை, பிடித்த கியர் கம்பியை விடாததுபோல் மடங்கியே இருந்தது. தையல்காரி அதை நீட்டிவிடப் பார்த்தாள். முடியவில்லை. அப்படியே தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் அடக்கம் முடிந்தது. லாரிக்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போன பிறகு, அவள் வீட்டு முன்னறையில் தையல் இயந்திரத்துக்கும் தைத்து அடுக்கிய நீலச் சட்டைகளுக்கும் நடுவே இவர்கள் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். அவள் இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு மைத்துனனிடம், "தம்பி, உங்களுக்கு இடுப்பு வலின்னு வீட்டுக்காரர் சொன்னார். இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டும் குரலே இல்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டாள், அவ்வளவுதான். மைத்துனன் எழுந்து வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"அவனுக்கு வலி எதுவும் இல்லம்மா" என்றார் பொறியாளர். "நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். பாலம் நிக்காதுன்னு எனக்குத் தெரியும்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க" என்றாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று துறை, மூன்று அலமாரி, கைப்பிடிச் சுவர், விரிசல், மீன்காரர், கத்தரிக்கோல், சான்றிதழ். தலைவர் சொன்னதைச் சொன்னார், கடற்படை எழுதியதைச் சொன்னார். இந்த மூன்று மாதத்தில் அவர் சொன்னதை வெட்டாமல், துண்டுபோடாமல், முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவள்தான். சொல்லச் சொல்ல அவருக்கு வேகம் வந்தது, கோபம் வந்தது, நடுவே ஓரிடத்தில் கசப்பாகச் சிரிக்கக்கூடச் செய்தார். டீ ஆறிப்போயிற்று.

"அப்ப மூணு ஆபீசுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்" என்றாள் அவள்.

"ஆமாம்மா."

"முழுசாத் தெரிஞ்சவங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் ஒருத்தன்தான்."

"அப்புறம் எதுக்குங்க இவ்வளவு நேரம் அவங்களப் பத்திச் சொன்னீங்க?"

கேட்டுவிட்டு அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பொறியாளர் எழுந்திருக்கப் பார்த்தார். திரும்பவும் உட்கார்ந்தார்.